இரண்டெழுத்து நாடும் இயந்திர நாயும்

(இலக்கிய வட்டத்தின் பத்தாம் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



நம் வட்டம் கூடிய மாதக் கூட்டங்களில் சங்க இலக்கியம் பேசியிருக்கிறோம்; பக்தி இலக்கியம் பேசியிருக்கிறோம்; புதுக்கவிதையும் ஐக்கூவும் பேசியிருக்கிறோம். அறிவியல் புனைகதை இதுவரை பேசப்படவில்லை. அது வார இதழ்க்காரர்களின் சரக்கு என்னும் எண்ணம் நம்மில் பலருக்கு உண்டு. ஆயினும் சென்ற ஆண்டுக் கவியரங்கிற்கு வந்த கவிதைகளுள் சில, மனிதர் எழுதியவைதாமா, இயந்திரம் எழுதியவையா என்னும் ஐயம் தேர்வுக் குழுவில் எழுந்தது. அந்த ஐயம் முடிவு காணாமலே விடப்பட்டது. அதற்குப் பின்னரே நான் சுஜாதாவின் இரண்டு நாவல்களை வரிசையாக எடுத்துப் படித்தேன்: 'என் இனிய இயந்திரா', அதன் தொடர்ச்சியாகிய 'மீண்டும் ஜீனோ'. 1980களில் ஆனந்த விகடனில் தொடர்கதைகளாக வெளிவந்தவை இவை. ஒரு வாசகி என்ற நிலையில் அவ்வாசிப்பு எழுப்பிய எண்ணங்களை இந்த அவையின் முன் வைக்கிறேன்.

கதையும் காலமும்

கதை நிகழும் காலம் 2020களின் தொடக்கம். எழுதியவருக்கு அது ஏறத்தாழ முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு அப்பாலிருந்த எதிர்காலம். நமக்கோ கடந்துபோன காலம். இந்தியாவை ஜீவா என்னும் சர்வாதிகாரி ஆள்கிறான். குழந்தை பெற்றுக்கொள்ள அரசின் அனுமதி வேண்டும். முதுமைக்கும் சட்டம் எல்லை வகுத்திருக்கிறது. நிலா என்னும் சாதாரணப் பெண்ணுக்குக் குழந்தை பெற அனுமதி கிடைக்கிறது. அந்த மகிழ்ச்சி ஆறுமுன் அவள் கணவன் சிபி காணாமற்போகிறான். ரவி என்பவன் அவள் வீட்டில் வந்து தங்குகிறான். அவனோடு வருவது ஜீனோ என்னும் சிறிய இயந்திர நாய். ரவியும் அவன் நண்பன் மனோவும் ஜீவாவை ஒழிக்கத் திட்டமிடுகிறார்கள். நிலா அதில் இழுக்கப்படுகிறாள். இறுதியில் ஜீவா என்றொரு மனிதனே இல்லை, அவன் ஒளியால் ஆக்கப்பட்ட முப்பரிமாண உருவம் என்பது வெளிப்படுகிறது. இரண்டாம் நாவலில் நிலா அரசியாக இருக்கிறாள். ஆட்சியின் கயிறு ரவி, மனோ ஆகியோரின் கையில் இருக்கிறது.

சொன்னது பலித்ததா என்று கணக்குப் பார்ப்பது அறிவியல் புனைகதையை அளக்கும் முறை ஆகாது. 1976ஆம் ஆண்டின் கட்டாயக் கருத்தடை நாட்டின் நினைவில் ஆறாமல் இருந்த காலத்தில் இந்நாவல் எழுதப்பட்டது. மக்கள் பெருக்கமே அன்றைய அச்சம். இன்று நிலை தலைகீழாக இருக்கிறது. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் ஒரு பெண் சராசரியாகப் பெறும் குழந்தைகள் 1.8. மக்கள்தொகை குறையாமல் நிற்பதற்கு வேண்டிய 2.1 என்னும் அளவுக்கு இது கீழே. அனுமதி கேட்டு வரிசையில் நிற்கும் தாய்மார் இல்லை. பிள்ளைகள் குறைந்து மூடப்படும் பள்ளிகளே நம் கவலை. ஆகவே ஆரூடம் என்ற வகையில் நாவல் பல இடங்களில் தவறியதுதான். ஆனால் அது எழுப்பிய வினாக்கள் தவறவில்லை. அவற்றுள் மூன்றை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

பெயரைக் குறைத்தல்

முதல் வினா, பெயர் பற்றியது. நிலா, சிபி, ரவி, மனோ, ஜீவா, ஜீனோ - எல்லாம் இரண்டெழுத்து. அந்நாட்டில் எவருக்கும் இரண்டெழுத்துப் பெயரே. படிக்கும்போது இது ஒரு வேடிக்கை போலத் தோன்றும். தமிழ் படித்தவர்க்கு அது வேடிக்கையாக நிற்பதில்லை. நம் ஊரில் எத்தனை வீடுகளில் அண்ணாமலையும் அருணாசலமும் உண்ணாமுலையும் இருக்கிறார்கள்! ஊரின் பெயரே ஏழெழுத்து. ஜீவாவின் ஆட்சியில் இவர்களுக்கு இடமில்லை. பெயரில் தந்தை வழியும், குலதெய்வமும், ஊரும், பாட்டியின் நினைவும் சேர்ந்து கிடக்கின்றன. அவற்றை வெட்டினால் எஞ்சுவது பட்டியலில் ஏற்றுவதற்கு வசதியான ஓர் அடையாளமே.

உலக இலக்கியத்திலும் இந்த அச்சம் இருந்துள்ளது. ருஷ்ய எழுத்தாளர் சம்யாத்தின் 1920-21இல் எழுதி, 1924இல் ஆங்கில மொழிபெயர்ப்பாக வெளிவந்த 'நாங்கள்' நாவலில் கதைத்தலைவனின் பெயர் டி-503. ஆர்வெல் 1949இல் வெளியிட்ட '1984' நாவலில் அரசு ஆண்டுதோறும் அகராதியிலிருந்து சொற்களை நீக்குகிறது. எண்ணுவதற்குச் சொல் இல்லையேல் எண்ணமும் இராது என்பது அதன் கணக்கு. சுஜாதா எண்ணையும் தரவில்லை, அகராதியையும் தொடவில்லை. நிலா, ரவி என்று அழகான பெயர்களையே தருகிறார். அடக்குமுறை அழகாகவும் வரலாம் என்பதை இவ்வளவு எளிதாகச் சொல்லியிருப்பது அவருடைய திறம் என்று கருதுகிறேன்.

இதற்கு நேர்மாறான ஒரு மரபு நம்முடையது. சங்கப் புலவர் சிலரின் இயற்பெயர் மறைந்துபோயிற்று. தொகுத்தவர்கள் அவர்களைப் பெயரற்றவர்களாக விட்டுவிடவில்லை. அவர்கள் பாடிய தொடரையே எடுத்துப் பெயராகச் சூட்டினார்கள். செம்புலப்பெயனீரார் என்றும் அணிலாடு முன்றிலார் என்றும் நாம் அறிவது அவ்வாறே. பெயர் போன பின்னும் பாட்டு ஒரு மனிதரை நிலைநிறுத்தியது. ஜீவாவின் நாட்டில் மனிதர் உயிரோடு இருக்கும்போதே பெயர் குறைகிறது. ஔவையும் இரண்டெழுத்துத்தானே என்று நண்பர்கள் கேட்கக்கூடும். ஔவைக்கு அந்தப் பெயரை அளந்து கொடுத்த அதிகாரி எவரும் இலர் என்பதே என் விடை.

ஜீனோ எந்தத் திணை?

இரண்டாம் வினா, இலக்கண ஆசிரியர்க்கு உரியது. ஜீனோ உயர்திணையா, அஃறிணையா?

நாவலின் தலைப்பையே பாருங்கள். இயந்திரம் என்பது அஃறிணைப் பெயர். அதனை விளித்தால் 'இயந்திரமே' என்று ஆக வேண்டும். ஆசிரியர் 'இயந்திரா' என்கிறார். இராமன் இராமா என்று ஆவதுபோல, இயந்திரன் என்று ஒருவன் இருந்தால்தான் இயந்திரா என்னும் விளி பிறக்கும். ஆக, தலைப்பிலேயே அந்த இயந்திரம் திணை மாறிவிட்டது. 2010இல் வெளிவந்த திரைப்படத்துக்கு 'எந்திரன்' என்று பெயரிட்டபோது, இந்த விளிக்குள் மறைந்திருந்த அன் விகுதி வெளிப்படையாயிற்று. அப்படத்தின் உரையாடலில் சுஜாதாவுக்குப் பங்கு உண்டு. படம் வெளிவருமுன்னரே, 2008 பிப்ரவரி 27 அன்று அவர் மறைந்தார்.

திணை மாறுவது நம் இலக்கணத்துக்குப் புதிதன்று. உவகை மிகுதியால் பசுவை 'அம்மை' என்று அழைத்தால் அது வழு ஆயினும் அமையும் என்று இலக்கணிகள் இசைவு தந்திருக்கிறார்கள். தொல்காப்பியர் மரபியலில் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை வகுத்தபோது, ஆறாவதாக வைத்தது மனத்தை. உருவத்தால் மனிதராக இருந்தும் மனவுணர்வு அற்ற மாக்களை விலங்குகளோடு ஐயறிவுக்குள் அடக்கினார். விலங்குகளுள்ளும் சில ஆறறிவுக்கு உரியன என்று கொள்ளும் மரபும் உரைகளில் உண்டு. ஆகவே மனிதன், விலங்கு என்னும் கோடு நம் முன்னோர்க்கு உடம்பின் மேல் போட்ட கோடு அன்று. மனத்தின் மேல் போட்டது.

இந்த அளவுகோலோடு ஜீனோவை அணுகினால் நாவல் புதிய பொருள் தருகிறது. ஜீனோ ரவியின் உடைமையாக வருகிறது. கேட்டதைச் செய்கிறது, நூல்களைப் படிக்கிறது, மெல்ல மெல்லத் தானாக எண்ணத் தொடங்குகிறது. கடைசியில் உடையவன் பக்கம் நிற்காமல் நிலாவின் பக்கம் நிற்கிறது. 'ரோபோ' என்னும் சொல் செக் நாடக ஆசிரியர் சாப்பெக் எழுதிய ஒரு நாடகத்தின் வழியாக உலகுக்கு வந்தது. அந்நாடகம் 1920இல் வெளிவந்து 1921இல் மேடையேறியது. கட்டாய உழைப்பு என்பதே அச்சொல்லின் வேர்ப்பொருள். ஜீனோவின் கதை, கட்டாய உழைப்பிலிருந்து ஓர் அறம் எவ்வாறு பிறக்கிறது என்பதன் கதை. மனிதர்களாகிய ரவியும் மனோவும் அதே நாவலில் எதிர்த்திசையில் நடக்கிறார்கள். விடுதலைக்காரர்களாக வந்து ஆள்வோராக முடிகிறார்கள். மாக்கள் என்று தொல்காப்பியர் சொன்னது யாரை என்பதை வாசகர் தாமே தெரிந்துகொள்ளலாம்.

ஒளியும் பொய்ச்சான்றும்

மூன்றாம் வினா, இந்த ஊரில் வாழ்வோர்க்கு மிக அணுக்கமானது. ஜீவா ஒளியுருவம். மக்கள் அஞ்சியதும் வணங்கியதும் வெறும் ஒளியை.

இதை வேறோர் ஊரில் இருந்து படிப்பது வேறு. பஞ்சபூதத் தலங்களுள் தீத்தலமாகிய திருவண்ணாமலையில் இருந்து படிப்பது வேறு. இறைவனே அடிமுடி காணவொண்ணா ஒளிப்பிழம்பாக நின்றான் என்பது இத்தலத்தின் புராணம். கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையின் உச்சியில் ஏற்றும் சுடரைக் கண்டு கைகூப்பும் மக்கள் நாம். ஒளியை வணங்குவது பிழையென்றால் நம் ஊரே பிழையாகிவிடும். அவ்வாறாயின் அந்த ஒளிக்கும் இந்த ஒளிக்கும் வேறுபாடு என்ன?

புராணமே விடை தருகிறது. முடியைக் காணாத பிரமன் கண்டதாகச் சொன்னான். தாழம்பூ பொய்ச்சான்று உரைத்தது. தண்டனை பெற்றவர்கள் இவர்கள். முடியைக் காண இயலாமற்போனது குற்றமாகக் கொள்ளப்படவில்லை. கண்டேன் என்று சொன்னதே குற்றமாயிற்று. ஜீவாவின் ஆட்சி முழுவதும் தாழம்பூக்களின் ஆட்சி. அவனைக் கண்டதாக, அவன் ஆணையிட்டதாகச் சொல்லும் சான்றுகளாலேயே அந்த ஒளி அரசாள்கிறது.

இன்னொரு வேறுபாடும் உண்டு. மலைமேல் எரியும் தீபத்துக்குப் பின்னால் இருக்கும் கைகளை நாம் அறிவோம். கொப்பரையை மலையேற்றி, நெய்யும் திரியும் சுமந்து சென்று, தீபம் ஏற்றும் உரிமையும் உழைப்பும் பர்வதராஜ குலத்தவருடையவை. அந்தச் சுடர் எவருக்கும் ஆணையிடுவதில்லை. எட்டுத் திசையிலிருந்தும் எவரும் காணலாம். ஜீவாவின் ஒளிக்குப் பின்னால் இருந்த கைகளோ மறைக்கப்பட்டவை. கை தெரியும் ஒளிக்கும் கை மறைந்த ஒளிக்கும் உள்ள இவ்வேறுபாடே என் வாசிப்பில் இந்நாவல்களின் மையம்.

இதை எழுதியவர் யார் என்பதும் கருதத்தக்கது. திருவரங்கத்தில் வளர்ந்த ரங்கராஜன், பெங்களூர் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனத்தில் பொறியியல் வல்லுநராகப் பணியாற்றியவர். மின்னணு வாக்குப்பதிவு இயந்திரத்தின் உருவாக்கத்தில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. மக்கள் தம் ஆட்சியாளரைத் தேர்ந்தெடுப்பதற்கு ஓர் இயந்திரம் செய்தவர், ஆட்சியாளனே இயந்திரத்தின் நிழலாக இருக்கும் நாட்டைக் கற்பனை செய்திருக்கிறார். இயந்திரத்தின் மேல் வெறுப்புக் கொண்டவர் எழுதிய கதை அன்று இது. இயந்திரத்தை உள்ளே திறந்து பார்த்தவர் எழுதியது. ஆதலின்தான் அவருடைய அச்சம் இயந்திர நாயின் மேல் விழவில்லை. அதற்குப் பின்னால் நிற்கும் மனிதர் மேல் விழுந்தது.

நிலா என்னும் பொம்மை

குறையையும் சொல்ல வேண்டும். வார இதழ்த் தொடராக எழுதப்பட்டமையின் தழும்புகள் இரு நாவல்களிலும் தெரிகின்றன. வாரந்தோறும் ஒரு திடுக்கிடல் வேண்டியிருக்கிறது. நூலாகச் சேர்த்துப் படிக்கும்போது அது களைப்பைத் தருகிறது. இரண்டாம் நாவல் முதலாவதன் வேகத்தை எட்டவில்லை என்பதும் என் எண்ணம். இவற்றினும் பெரிய குறை, நிலாவைப் பற்றியது. அவள் நாவலின் நடுவில் நிற்கிறாள். ஆனால் அவளுக்கு எல்லாவற்றையும் பிறரே விளக்குகிறார்கள். ரவி விளக்குகிறான், நாய் விளக்குகிறது. அவள் தானாகக் கண்டறிந்தவை குறைவு.

எனினும் அவளை அரசியாக்கிப் பின்னிருந்து ஆளும் பகுதியைப் படித்தபோது, ஆசிரியர் நம் நாட்டை நன்கு அறிந்திருந்தார் என்றே தோன்றியது. உள்ளாட்சியில் பெண்களுக்கு இடஒதுக்கீடு தந்த 73ஆம் அரசியலமைப்புத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது 1993இல். தமிழ்நாட்டில் அதை ஐம்பது விழுக்காடாக உயர்த்திச் சட்டம் செய்தது 2016இல். இவற்றுக்கெல்லாம் முன்னரே எழுதப்பட்ட கதை இது. தலைவர் நாற்காலியில் பெண்ணின் பெயர்ப்பலகை, கோப்பில் கணவரின் முடிவு என்னும் காட்சியை நம்மில் பலர் கண்டிருக்கிறோம். பெயர்ப்பலகையைத் தாண்டித் தாமே முடிவெடுத்த தலைவியரையும் நாம் கண்டிருக்கிறோம் என்பது ஆறுதல். நிலாவுக்கு அந்த வளர்ச்சியை ஆசிரியர் இன்னும் நிறையக் கொடுத்திருக்கலாம்.

கவிஞர்களுக்கு ஒரு விண்ணப்பம்

இனி, தொடக்கத்தில் சொன்ன கவியரங்க ஐயத்துக்கு வருகிறேன். 2022 நவம்பரில் சாட்ஜிபிடி என்னும் மென்பொருள் பொதுமக்கள் கைக்கு வந்தது. ஜீனோவின் காலமாகச் சுஜாதா குறித்த ஆண்டுகளை ஒட்டியே இது நிகழ்ந்தது வியப்புக்குரியது. கேட்டால் கவிதை எழுதித் தரும் இயந்திரங்கள் இன்று கைப்பேசிக்குள் இருக்கின்றன. தளை தட்டும், பொருள் வழுக்கும், ஆனால் நாளுக்கு நாள் தேர்ச்சி பெறுகின்றன. இயந்திரக் கவிதையைக் கண்டவுடன் கண்டுபிடித்துவிடலாம் என்னும் நம்பிக்கை நீண்ட நாள் நிலைக்காது என்றே அஞ்சுகிறேன்.

நம் முன் இரண்டு எளிய வழிகள் இருக்கின்றன. இயந்திரமே தீது என்று விலக்குவது ஒன்று. காலம் மாறிவிட்டது என்று கண்ணை மூடிக்கொள்வது மற்றொன்று. இரண்டையும் நான் ஏற்கவில்லை. இந்நாவல்கள் எனக்குக் கற்றுத் தந்தது வேறு. இயந்திரமா மனிதரா என்னும் வினா முதன்மையானது அன்று. சொன்ன சொல்லுக்குப் பொறுப்பேற்று நிற்பவர் எவரேனும் இருக்கிறாரா என்பதே முதன்மையான வினா. ஜீனோ இயந்திரமாக இருந்தும் தான் செய்ததற்கு விலை கொடுக்க முன்வருகிறது. ஜீவா ஆயிரம் ஆணைகள் இட்டும் ஒன்றுக்கும் விடை சொல்ல வேண்டாதவன். ஏனெனில் அங்கே ஆளில்லை. பின்னால் ஆளில்லாத கவிதை, எத்தனை ஒளி வீசினாலும் ஜீவாவின் ஆணையைப் போன்றதே. அதன் கீழே தம் பெயரை எழுதுகின்றவர் தாழம்பூவின் தொழிலைச் செய்கின்றவர்.

இதற்கான மருந்து நம் மரபிலேயே இருக்கிறது. அதன் பெயர் அரங்கேற்றம். நூல் செய்தவர் அவையின் முன் தாமே படிக்க வேண்டும். அவை எழுப்பும் தடைகளுக்குத் தாமே விடை கூற வேண்டும். கம்பர் தம் இராமாயணத்தை அரங்கேற்றியதாக வழங்கும் இடம், சுஜாதா வளர்ந்த அதே திருவரங்கம். அரங்கேற்றத்தில் சோதிக்கப்பட்டது பாட்டு மட்டும் அன்று. பாட்டுக்கும் பாடியவருக்கும் இடையே உள்ள உறவும் சோதிக்கப்பட்டது. ஏன் இந்தச் சொல்லை இட்டீர், வேறு சொல் ஏன் ஆகாது என்று கேட்டால், எழுதியவர் தடுமாறியேனும் ஒரு விடை தருவார். அந்தத் தடுமாற்றத்தில் அவர் வாழ்க்கை இருக்கும். பிறர் எழுதியதைக் கொண்டுவந்தவருக்கு, அந்தப் பிறர் மனிதராயினும் இயந்திரமாயினும், அந்த விடை வாய்க்காது.

ஆகவே வட்டத்தின் பதினோராம் ஆண்டிலிருந்து ஒரு நடைமுறையை மேற்கொள்ளுமாறு வேண்டுகிறேன். கவியரங்கிற்குக் கவிதையை அனுப்பி வைத்தால் மட்டும் போதாது. கவிஞர் நேரில் வந்து படிக்க வேண்டும்; அவையிலிருந்து எழும் ஒரு வினாவுக்கேனும் விடை கூற வேண்டும். நடக்க இயலாத முதியவர் எனில், நாம் அவர் இல்லம் சென்று கேட்போம். இதில் ஐயப்பாடோ அவமதிப்போ இல்லை. நம் கவிஞர்களின் முழுப் பெயரையும், எத்தனை எழுத்தாயினும், உரக்கச் சொல்லி அழைத்து, அவர்கள் சொல்லுக்கு அவர்களையே சான்றாக நிறுத்தும் மதிப்பு அது.

இளைய கவிஞர்களுக்கும் ஒரு சொல். சங்கப் பாடல்களை எளிய நடையில் அறிமுகம் செய்தவரும், கணையாழியின் கடைசிப் பக்கத்தில் புதுக்கவிதைகளைத் தேடிப் பாராட்டியவரும் இதே சுஜாதாதான். அவருடைய அறிவியல் கதைகளைப் படியுங்கள். திருமலை என்னும் பெயர் 'திமலா' என்று தேய்ந்துபோன ஓர் எதிர்காலத்தை அவர் ஒரு சிறுகதையில் காட்டியிருக்கிறார். அதைப் படித்துவிட்டு, திருவண்ணாமலை என்னும் பெயரை ஒருமுறை எழுத்து எழுத்தாக உச்சரித்துப் பாருங்கள். உங்கள் கவிதைக்கு வேண்டிய வேலை அங்கே காத்திருக்கிறது.